நாலு கம்பிதானே என்கிறார்கள்: பேஸ் கிற்றார் பழகுவது உண்மையில் சுகமா?

பரந்தன் பெடியன் எழுதியது:
எல்லோருக்கும் வணக்கம். நான் இரண்டு வருடமாக ரிதம் கிற்றார் வாசிக்கிறேன். எங்கள் ஊரில் சின்ன இசைக்குழு ஒன்று இருக்கிறது. கோவில் திருவிழா, கலியாண வீடு, பள்ளிக்கூட விழா என்று கூப்பிடுகிற இடங்களுக்குப் போவோம். எங்களோடு பேஸ் (பாட்டுக்கு அடிச் சத்தம் தருகிற, தாழ்ந்த சுரக் கிற்றார்) வாசித்த அண்ணா போன மாதம் வெளிநாடு போய்விட்டார். போகும்போது தன் பேஸைக் குழுவுக்கே தந்துவிட்டுப் போனார். இப்போது எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். "நாலு கம்பிதானே, கோர்ட் (பல சுரம் ஒன்றாகச் சேர்ந்த பிடி) பிடிக்கத் தேவையில்லை, ஒரு கிழமையில் பழகிவிடலாம்" என்கிறார்கள். வைகாசியில் ஊர்க் கோவில் திருவிழா. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.
நேற்று எடுத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் இடது கை நொந்துவிட்டது. என் கை கொஞ்சம் சின்னது. உண்மையில் இது சுகமான வாத்தியமா, அல்லது எனக்கு ஆறுதலுக்குச் சொல்கிறார்களா? ஐந்து கம்பி பேஸ் வாங்கினால் நல்லதென்றும் ஒருவர் சொன்னார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாளக்காரன் எழுதியது:
தம்பி, பயப்படாதீர்கள். நான் பன்னிரண்டு வருடமாக ட்ரம்ஸ் வாசிக்கிறேன், எத்தனையோ பேஸ்காரருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். கோர்ட்டின் பெயர் என்னவோ அந்த ஒரு சுரத்தை வாசித்தால் பாட்டு ஓடும். கோர்ட் தெரிந்த உங்களுக்கு இரண்டு மாதம் காணும்.

வவுனியா பேஸ் எழுதியது:
தாளக்காரன் அண்ணா சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான். நான் ஒன்பது வருடமாக வாசிக்கிறேன். தம்பிக்குக் கை நொந்ததற்குக் காரணம் கை சின்னது என்பது அல்ல. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிற்றாரில் கம்பியின் நீளம், அதாவது கழுத்து நுனியில் கம்பியைத் தாங்குகிற நட்டிலிருந்து உடலில் தாங்குகிற பிரிட்ஜ் வரை, ஏறக்குறைய 25.5 அங்குலம். வழமையான பேஸில் 34 அங்குலம். 1951இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது வைத்த அளவு அது, இன்றைக்கும் அதுதான் பொது அளவு. முதலாம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) சுட்டுவிரலையும் நாலாம் ஃப்ரெட்டில் சின்ன விரலையும் வையுங்கள். கிற்றாரில் அந்த இடைவெளி பத்து சென்ரிமீற்றருக்குள் அடங்கும். பேஸில் 13 சென்ரிமீற்றர். பேஸின் நாலு கம்பியும் தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி. அதில் தடித்த ஈ கம்பி ஏறக்குறைய 2.7 மில்லிமீற்றர், கிற்றாரின் தடித்த கம்பியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இழுவிசையும் அப்படித்தான், இரண்டு மடங்குக்கு மேல். கிற்றார் பிடித்த பழக்கத்தில் அதே இடத்தில் அதே மாதிரி விரலை விரித்தால் எந்தக் கைக்கும் நோகும்.

அதனால் முதல் இரண்டு கிழமை கீழ் ஃப்ரெட்டுகளுக்குப் போகாதீர்கள். ஐந்தாம் ஃப்ரெட்டில் தொடங்குங்கள். ஐந்திலிருந்து எட்டு வரை நாலு விரலுக்கும் 10 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேல்தான், உங்கள் கிற்றாரின் அடிப்பக்கம் போலவே இருக்கும். ஈ கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட் ஏ. அங்கிருந்து ஏ, டி, ஈ மூன்றையும் கை நகர்த்தாமல் வாசிக்கலாம். கை பலப்பட்ட பிறகு மெல்ல மெல்லக் கீழே வாருங்கள்.

இன்னொன்று, விரலை ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் பின்னால் வையுங்கள். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்தினால் இரண்டு மடங்கு பலம் கொடுத்தும் சத்தம் கறகற என்றுதான் வரும்.

மாங்குளம் அக்கா எழுதியது:
தம்பி, நான் தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். மடு ஆவணித் திருவிழாவுக்கு முந்தின ஒத்திகைகளில் ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் வாசித்த காலமும் உண்டு. என் கை உங்கள் கையைவிடச் சின்னதாகத்தான் இருக்கும்.

கீழ்ப் பக்கத்தில் ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்ற சட்டத்தை விட்டுவிடுங்கள். நின்று வாசிக்கிற பெரிய டபுள் பேஸ்காரர் நூறு வருடத்துக்கு மேலாகச் சுட்டுவிரல், நடுவிரல், சின்ன விரல் மூன்றை மட்டும் பாவிக்கிறார்கள். மோதிர விரல் சின்ன விரலுக்குத் துணையாகச் சேர்ந்து அழுத்தும். மூன்று ஃப்ரெட்டுக்குள் கை இருக்கும், நாலாவது தேவைப்பட்டால் கை முழுவதையும் நகர்த்துவீர்கள். விரலை விரிப்பதைவிடக் கையை நகர்த்துவது நல்லது. நான் இதை அறியாமல் எட்டு மாதம் விரலை விரித்து விரித்து மணிக்கட்டைக் கெடுத்துக்கொண்டேன். ஒரு நோன்புகாலம் முழுக்க வாசிக்காமல் இருந்தேன். பாட்டு நடக்கும்போது பின்வாங்கில் சும்மா இருந்து கேட்ட அந்த நாட்கள் எனக்குச் சரியான துக்கம்.

விரல் நுனி நோவது வேறு, மணிக்கட்டும் முழங்கையும் நோவது வேறு. முதலாவது தோல் காய்க்கும்வரைக்கும்தான். இரண்டாவது வந்தால் உடனே நிறுத்துங்கள். வார் நீளத்தைக் குறைத்து வாத்தியத்தை மேலே தூக்குங்கள். தொடைக்குக் கீழே தொங்கவிட்டால் மணிக்கட்டு மடியும்.

30 அங்குல பேஸும் இருக்கிறது. பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி வாசித்த வயலின் வடிவ ஹாஃப்னர் அந்த அளவுதான். அவரும் கிற்றார்காரராக இருந்து, குழுவின் பேஸ்காரர் விலகியபோது 1961இல் பேஸுக்கு மாறியவர். உங்கள் கதை மாதிரித்தான். ஆனால் கையில் வாத்தியம் இருக்கும்போது இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள்.

ஒட்டுசுட்டான் லீட் எழுதியது:
நான் சொல்வதைக் கேட்டு யாரும் கோபிக்க வேண்டாம். நான் லீட் வாசிக்கிறவன், தேவைப்பட்ட இடத்தில் பேஸும் வாசித்திருக்கிறேன். கிற்றாரில் ஆறு கம்பியையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும், ஒரு விரலால் எல்லாக் கம்பியையும் அமத்துகிற பார் கோர்ட் மட்டும் பழக எனக்கு ஆறு மாதம் போனது. பேஸில் ஒரு நேரத்தில் ஒரு சுரம். கம்பிகள் எல்லாம் நாலாம் சுர இடைவெளியில் ஒரே சீராக ஸ்ருதி சேர்த்திருக்கின்றன. அதனால் ஒரு வடிவத்தைப் பழகினால் அதையே எந்த இடத்திலும் வைக்கலாம். கிற்றாரில் ஜி கம்பிக்கும் பி கம்பிக்கும் இடையில் அந்தக் கணக்கு மாறிவிடும். அமெரிக்காவின் மோட்டவுண் நிறுவனப் பாட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையில் ஒரே ஒரு விரலால்தான் வாசித்தார். சுகம் இல்லாவிட்டால் ஒரு விரலால் முடியுமா? தம்பியைத் தேவையில்லாமல் பயப்படுத்துகிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

வவுனியா பேஸ் எழுதியது:
வடிவம் மாறாது என்பது உண்மை, அது பெரிய வசதி. ஆனால் ஜேமர்சனை உதாரணத்துக்கு எடுத்தது சரியில்லை. அவர் டபுள் பேஸில் பழகி வந்தவர். அந்த ஒற்றை விரலால் அவர் வாசித்த வரிகளை இரண்டு விரலால் வாசிக்கவே வருடக்கணக்கில் பழகுகிறார்கள். விரல் எத்தனை என்பதில் கஷ்டம் இல்லை.

நீங்கள் பேஸ் வாசித்த நிகழ்ச்சிகளில் வாசிக்காத கம்பிகளை எப்படி அடக்கினீர்கள்? இதை நான் குறை பிடிக்கக் கேட்கவில்லை. கிற்றார்காரர் பேஸுக்கு வரும்போது பத்தில் ஒன்பது பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். ஜி கம்பியை வாசிக்கும்போது ஈ கம்பி தானாக அதிரும். வீட்டில் சின்ன ஸ்பீக்கரில் அது தெரியாது. கோவில் வீதியில் பெரிய பெட்டிகளில் போட்டால் பாட்டு முழுக்க ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும், எங்கிருந்து வருகிறதென்று யாருக்கும் விளங்காது. வலது கைப் பெருவிரலை ஈ கம்பியில் சாய்த்து வைக்க வேண்டும், மேலே போகப் போக அதை ஏ கம்பிக்கு, டி கம்பிக்கு என்று கொண்டுபோக வேண்டும். இடது கையின் மிச்ச விரல்கள் கீழ்க் கம்பிகளை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு கையும் பாதி நேரம் சத்தம் வராமல் பார்ப்பதற்கே வேலை செய்கின்றன.

ஒட்டுசுட்டான் லீட் எழுதியது:
உண்மையைச் சொல்கிறேன், நான் அடக்கியதில்லை. விரலால் இல்லாமல் பிக்கால் (கம்பி மீட்டுகிற சின்னத் தகடு) அடித்துக்கொண்டு போயிருக்கிறேன். இன்றைக்கு வீட்டில் எடுத்துப் பார்க்கிறேன்.

பழைய தந்தி எழுதியது:
பிள்ளைகளே, நீங்கள் கையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் காதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, புதுக்குடியிருப்புப் பக்கம்.

தொண்ணூறுகளில் எங்களுக்கு மின்சாரம் இல்லை, பற்றரி கிடையாது. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, தைனமோவில் வருகிற கரண்டில் கசெட் ரேடியோவை ஓடவிடுவோம். ஒருவர் சுற்ற நாலைந்து பேர் சுற்றியிருந்து கேட்போம். கை களைத்து வேகம் குறைந்தால் பாட்டும் இழுபடும். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர். அதில் குரல் வரும், புல்லாங்குழல் வரும், வயலின் வரும். பேஸ் வராது. இளையராஜாவின் பாட்டுகள் எங்களுக்கு மனப்பாடம், ஒவ்வொரு இடையிசையையும் வாயால் பாடுவோம். அதற்குள் பேஸ் என்று ஒருவர் தனியாக ஒரு பாட்டே வாசித்துக்கொண்டிருக்கிறார் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வவுனியாவுக்கு ஒரு அலுவலாகப் போனேன். சொந்தக்காரர் வீட்டில் நல்ல ஸ்ரீரியோ செற் இருந்தது. நான் ஆயிரம் தடவை கேட்ட பாட்டு ஒன்றைப் போட்டார்கள். குரலுக்குக் கீழே இன்னொருவர் நடந்துகொண்டிருந்தார். குரல் மேலே போகும்போது அவர் கீழே இறங்குகிறார், குரல் நிற்கிற இடத்தில் அவர் பேசுகிறார். கோர்ட்டின் முதல் சுரத்தோடு நிற்கிற ஆள் அல்ல அவர். சாப்பாடு ஆறிப்போனது, நான் எழும்பவில்லை. அந்தப் பாட்டுகளில் கனவற்றுக்கு பேஸ் வாசித்தவர் சசிதரன் என்பவர் என்று பிறகு அறிந்தேன்.

அதற்குப் பிறகுதான் நான் பேஸ் பழகினேன், முப்பத்தெட்டு வயதில். ஒரு பழைய ஜப்பான் பேஸ் வாங்கினேன். 2009இல் இடம்பெயர்ந்து போகும்போது அதை வீட்டுப் பின்வளவில் கொட்டில் மூலையில் உரப்பையால் சுற்றி வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது கொட்டிலும் இல்லை, பேஸும் இல்லை. இப்போது இருப்பது மகன் வாங்கித் தந்தது.

தம்பி பரந்தன், நான் கேட்பது இதுதான். நீங்கள் இரண்டு வருடமாக வாசிக்கிற பாட்டுகளில் பேஸ் என்ன செய்கிறதென்று வாயால் பாடிக் காட்ட முடியுமா? முடிந்தால் கை இரண்டு மாதத்தில் வந்துவிடும். முடியாவிட்டால் கை வந்தும் பிரயோசனம் இல்லை. எங்கள் ஆக்கள் பேஸைச் சுகம் என்று சொல்வதற்குக் காரணம், இங்கே கன பேர் அதை வடிவாகக் கேட்டதே இல்லை என்பதுதான் என்று நான் நினைக்கிறேன். இன்றைக்கும் பிள்ளைகள் போனில்தானே கேட்கிறார்கள்.

மாங்குளம் அக்கா எழுதியது:
ஐயா, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். பாடகர் குழுப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டப் போகிறேன்.

பரந்தன் பெடியன் எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. பழைய தந்தி ஐயா, நீங்கள் கேட்டது இரவெல்லாம் மனதில் இருந்தது. முதலில் ஒரு பாட்டும் பாட முடியவில்லை. தங்கச்சியின் ஹெட்போனை வாங்கிக் கேட்கத் தொடங்கினேன். இப்போது மூன்று பாட்டுக்கு முழுதாகப் பாடுவேன்.
இரண்டு கிழமை ஐந்தாம் ஃப்ரெட்டில் பழகினேன், கை நோ நின்றுவிட்டது. ஆனால் நேற்று ஒத்திகையில் வாசித்தபோது எல்லாம் குழம்பிப் போனது. சுரம் பிழைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் பாட்டு சேற்றில் நடக்கிற மாதிரி இருந்தது. ட்ரம்ஸ் அண்ணா இரண்டு தரம் நிறுத்தினார். ஏனென்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. போனில் பதிவுசெய்து கேட்டேன், என் பேஸே கேட்கவில்லை. கீபோர்ட் தம்பி "சி" என்று சொன்ன பாட்டில் நான் சி வாசிக்க முழுக்கப் பிசகியது, அதுவும் விளங்கவில்லை.

வவுனியா பேஸ் எழுதியது:
கடைசிக் கேள்வி சுகம். கீபோர்ட்டில் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் போட்டிருப்பார். பாடுகிறவருக்காக ஒரு அரைச்சுரம் ஏற்றிவிட்டு, அவர் சி கட்டைகளையே அமத்துவார். வெளியில் வருவது சி ஷார்ப். அவரிடம் "எத்தனை போட்டிருக்கிறாய்" என்று ஒவ்வொரு பாட்டுக்கும் முன் கேளுங்கள். திறந்த கம்பியை நம்பாமல் அழுத்தின சுரங்களால் பழகியிருந்தால் ஒரு ஃப்ரெட் மேலே தள்ளி அப்படியே வாசிக்கலாம்.

ஐந்து கம்பியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நாலு கம்பியில் ஆக அடியில் இருப்பது ஈ. பாடகர் டியில் பாடினால் அடிச் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி மேலே போக வேண்டும். ஐந்தாவது கம்பி அந்தக் குறையை பி வரைக்கும் இறங்கித் தீர்க்கும். ஆனால் அடக்க வேண்டிய கம்பி ஒன்று கூடும், கழுத்தும் அகலம். இப்போதைக்கு ஈ கம்பியை டிக்கு இறக்கினால் காணும்.

ஒலிபெருக்கி வளவன் எழுதியது:
முதல் தடவை எழுதுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நிகழ்ச்சிகளுக்குச் சவுண்ட் கட்டுகிறேன்.

போனில் கேட்காததற்குத் தம்பியின் பிழை காரணம் இல்லை. பேஸின் ஈ கம்பி ஒரு செக்கனுக்கு 41 தடவை அதிர்கிறது. கிற்றாரின் ஈ 82. போனின் ஸ்பீக்கரால் இவ்வளவு தாழ்வான ஒலியைத் தள்ள முடியாது. பதிவைத் திருப்பிக் கேட்பதென்றால் ஹெட்போனில் கேளுங்கள். பழகும்போது கிற்றார் அம்பில் கூட்டிப் போடாதீர்கள், அதன் ஸ்பீக்கர் கிழிந்துவிடும். மெல்லப் போட்டால் பரவாயில்லை.

இன்னொரு விஷயம் பேஸ்காரருக்கே கனபேருக்குத் தெரியாது. எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 தடவை. பேஸில் ஈ கம்பி மூன்றாம் ஃப்ரெட், ஜி, 49 ஹேர்ட்ஸ். திறந்த ஜி கம்பி 98, கரண்ட் இரைச்சலின் இரண்டு மடங்கு 100. ஜெனறேற்றரில் ஓடுகிற திருவிழாவில் எர்த் சரியாக இல்லாவிட்டால் வருகிற உம்ம் என்ற இரைச்சல் உங்கள் ஜியோடு உரசிக்கொண்டே இருக்கும். ஜியில் பாட்டு வந்தால் ஸ்ருதி சேராத மாதிரி இருக்கும், நீங்கள் கம்பியை முறுக்கி முறுக்கிப் பார்ப்பீர்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் வயர், எர்த் பக்கம் பாருங்கள். சவுண்ட்காரரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், நிகழ்ச்சிக்கு முன் சொன்னால் நாங்கள் செய்து தருவோம்.

மேடையில் நீங்கள் கேட்பதும் சனம் கேட்பதும் ஒன்றல்ல. 41 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீற்றருக்கு மேல். மண்டபத்தில் ஒரு மூலையில் முழங்கும், நடுவில் காணாமல் போகும். திறந்த வீதியில் சுவர் இல்லாததால் மெலிந்துவிடும். மேடையில் நின்று போதவில்லை என்று சத்தத்தைக் கூட்டாதீர்கள். ஒத்திகை நேரம் ஒருவரை அனுப்பி வீதியில் நின்று கேட்கச் சொல்லுங்கள்.

தாளக்காரன் எழுதியது:
தம்பி, முதல் பதிலை நான் தான் எழுதினேன், அது அவசரமாக எழுதியது. சேற்றில் நடக்கிற மாதிரி என்று நீங்கள் எழுதியதை வாசித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இதைப் பற்றி ட்ரம்ஸ்காரன்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் சுரத்தைச் சரியான நேரத்தில் தொடங்குகிறீர்கள், ஆனால் முடிக்கவில்லை. கிற்றாரில் கோர்ட்டை அடித்துவிட்டால் அது தானாகத் தேயும், அடுத்த அடி வரும்வரைக்கும் அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. பேஸ் கம்பி அவ்வளவு கெதியில் தேயாது. நீங்கள் விரலை எடுக்காவிட்டால் கன நேரம் நிற்கும். என் கிக் (காலால் அடிக்கிற பெரிய ட்ரம்) டும் என்று அடித்து முடிந்துவிட்டது, உங்கள் சுரம் ஸ்நேர் (குச்சியால் அடிக்கிற கூர்மையான சத்த ட்ரம்) விழுகிற இடத்துக்கு மேலேயும் ஓடுகிறது. ஸ்நேரின் அடி அதற்குள் அமிழ்ந்துபோகிறது. உங்கள் ட்ரம்ஸ்காரருக்குத் தன் அடி ஏன் எடுபடவில்லை என்று விளங்காமல் நிறுத்தியிருப்பார்.

இப்படிப் பழகுங்கள். போனில் மெட்ரோனோம் போட்டு 60க்கு வையுங்கள், ஒரு தட்டுக்கு ஒரு செக்கன். ஒரே ஒரு சுரம். ஒன்றில் தொடங்கி, நாலு முழுதாக முடிந்து அடுத்த ஒன்று விழுகிற அந்தக் கணத்தில் கையால் அமத்தி நிறுத்துங்கள். அடுத்த நாலு தட்டும் மௌனம். பிறகு நாலாம் தட்டில் நிறுத்துங்கள், பிறகு மூன்றாம் தட்டில், பிறகு இரண்டாம் தட்டில். தொடக்கத்தைப் பார்க்காமல் முடிவை மட்டும் பாருங்கள். 60 மெதுவானது, அதனால் சுகம் என்று நினைக்காதீர்கள். வேகமான பாட்டில் பிசகினால் யாருக்கும் தெரியாது, மெதுவான பாட்டில் மறைக்க இடமில்லை.

பைலா வரும்போது இன்னும் கவனம் வேண்டும். அது ஆறு எட்டு. சனம் ஆடுவது உங்கள் சுரத்துக்கு இடையில் இருக்கிற அந்தச் சின்ன வெளியில்தான். அந்த வெளியை நிரப்பிவிட்டால் கால் தூக்க இடம் இருக்காது. நானும் எத்தனையோ மேடையில் பார்த்திருக்கிறேன், பாட்டு அதேதான், வேகமும் அதேதான், ஒரு குழுவுக்கு ஆடுவார்கள், மற்றக் குழுவுக்குக் கதிரையில் இருந்து கைதட்டுவார்கள். இதுவரைக்கும் அது பாடுகிறவரால் என்று நினைத்திருந்தேன். இந்த இழையில் கதைக்கத் தொடங்கிய பிறகுதான் பேஸ்காரரை நினைத்துப் பார்க்கிறேன்.

ஒட்டுசுட்டான் லீட் எழுதியது:
நான் எடுத்துப் பார்க்கிறேன் என்று சொன்னேன் அல்லவா, பார்த்தேன். கம்பி அடக்குவது ஐந்து நாளாகியும் வடிவாக வரவில்லை. ஏ கம்பியிலிருந்து டிக்குப் போகும்போது பெருவிரல் மறந்துவிடுகிறது. என் பழைய நிகழ்ச்சிப் பதிவு ஒன்றை ஹெட்போனில் கேட்டேன், நீங்கள் சொன்ன இரைச்சல் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் இருக்கிறது.
ஆனாலும் ஒன்றை விடமாட்டேன். முதல் நாளே ஒரு பாட்டோடு சேர்ந்து வாசிக்கலாம் என்ற சந்தோஷத்தைக் கிற்றார் தராது, பேஸ் தரும். புதிதாக வருகிற பிள்ளைக்கு அது பெரிய விஷயம். அதனால் பழகத் தொடங்கச் சுகம் என்று சொல்வதில் எனக்கு இன்னும் பிழை தெரியவில்லை.

வவுனியா பேஸ் எழுதியது:
அதை நானும் ஏற்கிறேன். என்னையும் அந்த முதல் நாள்தான் பிடித்து வைத்தது.

முல்லைக் கடல் எழுதியது:
இடையில் ஒரு கேள்வி. நாங்கள் கடற்கரைப் பக்கம், கம்பி ஒரு மாதத்திலேயே கறள் பிடிக்கிறது. பேஸ் கம்பி செற் கிற்றார்க் கம்பியைவிடச் சரியான விலை. என்ன செய்யலாம்?

மாங்குளம் அக்கா எழுதியது:
வாசித்து முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடையுங்கள், கம்பிக்கு அடிப்பக்கத்தையும். சாறம் கிழித்த துணி நல்லது. உப்புக்காற்றோடு கை வியர்வையும் கெடுக்கிறது. பாவிக்காத நேரம் உறைக்குள் வையுங்கள், தகரக் கூரைக்குக் கீழே சுவரில் தொங்கவிடாதீர்கள். எங்கள் ஆடி வெக்கையில் கழுத்து வளைந்துவிடும். வளைந்தால் உள்ளே இருக்கிற இரும்புக் கம்பியைத் திருப்பிச் சரி செய்யலாம், ஆனால் பழக்கமில்லாதவர்கள் ஒரு தடவைக்குக் கால்வாசிச் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது.

பரந்தன் பெடியன் எழுதியது:
திருவிழா முந்தாநாள் முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

பதினாலு பாட்டு. எல்லாவற்றையும் முதலில் வாயால் பாடிப் பழகினேன். ஆறு பாட்டுக்குப் பேஸ் வரியை அப்படியே எடுத்தேன், மிச்சம் எட்டுக்கும் அடிச் சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும். சுரம் குறைத்து, முடிவைச் சரியாக வைத்தேன். தாளக்காரன் அண்ணா சொன்ன பயிற்சியை ஒவ்வொரு நாளும் விடிய அரை மணித்தியாலம் செய்தேன். அம்பில் போடாமல் செய்ததால் வீட்டில் யாரும் எழும்பவில்லை.

மூன்றாவது பாட்டு ஜி. ஒலிபெருக்கி அண்ணா சொன்ன அதே இரைச்சல் வந்தது. எனக்குக் கை நடுங்கிப் போயிருக்கும், இங்கே வாசிக்காமல் இருந்திருந்தால். பாட்டு முடிந்ததும் சவுண்ட் அண்ணாவிடம் சொன்னேன், அவர் பின்னால் போய் ஏதோ வயரை மாற்றினார், நின்றுவிட்டது. ஆறாவது பாட்டில் இடையிசை முடிகிற இடத்தை இரண்டு தட்டு முந்திப் போய்விட்டேன். ட்ரம்ஸ் அண்ணா என்னைப் பார்த்துத் தலையாட்டினார், அவர் கிக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

கடைசி மூன்றும் பைலா. வீதியில் சின்னப் பிள்ளைகள் முதலில் ஆடினார்கள். பிறகு பெடியன்கள், பிறகு தேர்முட்டிப் பக்கம் நின்ற மாமாமார். நான் என் விரலைப் பார்க்கவில்லை, அவர்களின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மேலே இருக்கிற நேரம் என் கம்பி மௌனமாக இருந்தது. அதை நான் கண்ணால் கண்டேன்.

அடுத்த நிகழ்ச்சி ஆனியில், கலியாண வீடு. பழைய தந்தி ஐயா, எனக்கு நீங்கள் வவுனியாவில் கேட்ட அந்தப் பாட்டின் பெயர் வேண்டும். அதன் பேஸ் வரியை எழுதி எடுக்க ஆசை.

பழைய தந்தி எழுதியது:
பெயரைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன் தம்பி. இரண்டாம் சரணத்தில் அவர் கீழே இறங்குகிற இடம் ஒன்று இருக்கிறது, நாலு சுரம். இருபது வருடமாகியும் எனக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. நீங்கள் எழுதி எடுத்தால் எனக்கும் அனுப்புங்கள்.